ஏற மறுத்த பேருந்து

லேப்டாப்புக்கு உடம்பு சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தது அண்ணன்தான். காதால் இல்லை, உள்ளங்கையால்.

அண்ணனுக்குக் காது கேட்காது. அதனால் மற்றவர்கள் கவனிக்காத பல விஷயங்கள் அவனுடைய கைக்குத் தெரியும். மாடியில் மாமா நாற்காலியை நகர்த்தினால் சுவரில் கை வைத்தே சொல்லிவிடுவான். அந்தச் சனிக்கிழமை காலை லேப்டாப்பின் மேல் கையை வைத்தவன், புருவத்தைச் சுருக்கினான். தங்கையைப் பார்த்துக் கையாட்டி அழைத்தான்.

"உள்ள யாரோ விரலால தட்டற மாதிரி இருக்கு. உனக்குக் கேக்குதா?" என்று கையால் கேட்டான்.

அவள் லேப்டாப்பின் மேல் காதை வைத்தாள். கடக். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் மறுபடியும் கடக், கடக்.

"கேக்குது. யாரு தட்டறா?"

"அதைத்தான் நான் உன்கிட்ட கேக்கறேன்" என்றான் அண்ணன்.

இந்தத் தங்கைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் உண்டு. வீட்டில் அந்தப் பெயருக்கு வேலையே இல்லை. எதைப் பார்த்தாலும் துருவித் துருவிக் கேள்வி கேட்பதால் மாமா அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்தார். எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது.

அந்த வீட்டில் எல்லோரும் கையாலும் பேசுவார்கள். அதில் வசதிகள் அதிகம். வாய் நிறையச் சாப்பாடு இருக்கும்போதே சண்டை போடலாம். ஜன்னலுக்கு உள்ளே இருந்துகொண்டு தெருவில் நிற்பவரோடு கதை அடிக்கலாம். ஒரே ஒரு தொல்லைதான். இரண்டு கையிலும் பை இருந்தால், சொல்ல வந்ததை அடக்கிக்கொண்டு வீடு வரைக்கும் நடக்க வேண்டும்.

அன்றைக்கு லேப்டாப்பை அண்ணன் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நடந்ததால், தெருக்கோடிக் கடை வரைக்கும் அவன் வாயே திறக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கடையில் இருந்தது மெக்கானிக் அக்கா. மேசை முழுக்கத் திறந்து கிடந்த கணினிகள். அவர் ஒரு திருப்புளியின் நுனியை லேப்டாப்பின் மேல் வைத்து, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்டார்.

"டிஸ்க் போகப் போகுது" என்றார். "இன்னைக்கா, நாளைக்கா, அடுத்த வாரமான்னு அதுக்கே தெரியாது. வேணுங்கறதை எல்லாம் முதல்ல வெளிய எடுத்து வச்சுட்டுக் கொண்டு வாங்க. புது டிஸ்க் போட்டுத் தரேன்."

துருவி அதை அண்ணனுக்குக் கையால் சொன்னாள். பிறகு அக்காவிடம், "நீங்களே எடுத்துத் தர முடியாதா?" என்று கேட்டாள்.

"எடுக்கலாம். ஆனா பாரு, எனக்கு முன்னாடி எத்தனை நிக்குதுன்னு. இதைத் தொடவே செவ்வாய்க்கிழமை ஆயிடும். அதுக்குள்ள அது கண்ணை மூடிட்டா?" அக்கா லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணு மட்டும். அதைப் போட்டுப் படுத்தாதீங்க. உள்ள ஒரு தட்டு சுத்துது. அதுக்கு மேல ஒரு சின்னக் கை ஓடி ஓடிப் படிக்குது. அந்தக் கைக்குத்தான் வலி. ஓட விட ஓட விட இன்னும் மோசமாகும்."

"கையா?" என்றாள் துருவி. அண்ணனுக்கு அதைச் சொன்னபோது அவன் முகம் மாறிவிட்டது. கைக்கு வலி என்றால் என்னவென்று அவனுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த லேப்டாப்புக்குள் ஒரு பேருந்து இருந்தது.

அண்ணன் படிப்பது காது கேட்காத பிள்ளைகளுக்கான பள்ளியில். அங்கே சின்ன வகுப்புப் பிள்ளைகள் பெரிய திரையில் படம் பார்ப்பார்கள். ஒருநாள் ஒரு பொடிப்பெண் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்து, "எல்லாப் படத்துலயும் வாய்தான் அசையுது. கை ஏன் அசைய மாட்டேங்குது?" என்று கேட்டுவிட்டாள். அண்ணனுக்கு இரண்டு நாள் அதே நினைப்பு. அவளுக்காகவே ஒரு பெரிய கதையைக் கையால் சொல்லிப் படம் பிடித்தான். வளைவில் திரும்ப மறந்த ஒரு பேருந்து நேராகக் கடலுக்குள் போய்விடுகிற கதை. வருகிற திங்கட்கிழமை அதைப் போட்டுக் காட்டுவதாகப் பள்ளியில் சொல்லியும் விட்டான்.

அண்ணன் படம் பிடிக்கும் முறை ஒரு தனி முறை. லேப்டாப்பின் கேமராவைத் தட்டிவிட்டு, சுவர் ஓரமாக ஓடிப் போய் நிற்பான். கேமராவுக்குப் பக்கத்தில் துருவி உட்கார வேண்டும். காலி நாற்காலிக்கு அவனால் கதை சொல்ல முடியாது. ஆரம்பித்துவிட்டால் நிறுத்த மாட்டான். நிறுத்தினால் மறுபடி வந்து பொத்தானை அழுத்தி, மறுபடி ஓடி, மறுபடி தலைமுடியைச் சரிசெய்ய வேண்டும். "கைச்சூடு ஆறிடும்" என்பான். அதனால் பேருந்துக் கதை முழுவதும் ஒரே மூச்சில், ஒரே வீடியோவாக இருந்தது.

"அது போயிட்டா இன்னொரு தடவை சொல்லிடு" என்றாள் துருவி, வீட்டுக்கு வந்ததும்.

அண்ணன் இல்லை என்று தலையாட்டினான். "வராது. அன்னைக்குக் கை அதுவா போச்சு. எப்படிப் போச்சுன்னு எனக்கே தெரியாது."

அம்மா அலமாரியிலிருந்து டிரைவை எடுத்துக் கொடுத்தார். சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு குட்டிக் கேபிள். குடும்பத்துப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

பேக்கப் மென்பொருளைத் திறந்தார்கள். எதை எடுக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டது. எல்லாவற்றையும், டிரைவில், என்று அண்ணன் தட்டினான். ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகர ஆரம்பித்தது. அண்ணனின் வீட்டுப்பாடங்கள் டிரைவுக்குப் போயின. அவன் சொன்ன குட்டிக் குட்டிக் கதைகள் போயின. துருவி வரைந்த ஒட்டகச்சிவிங்கி போயிற்று. கடைசியில் பேருந்துக் கதையின் முறை வந்தது.

பச்சைக் கோடு நின்றது. பிறகு சிவப்பானது.

'ஒரு கோப்பைச் சேமிக்க முடியவில்லை. போதிய இடம் இல்லை.'

துருவி அதைப் படித்தாள். டிரைவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று திறந்து பார்த்தாள். முக்கால்வாசி காலி.

"இதுல எக்கச்சக்கமா இடம் இருக்கு. ஆனா அது இடமில்லன்னு சொல்லுது" என்றாள். "ரெண்டுல யாரு பொய் சொல்றா?"

இந்த நேரத்தில்தான் மாமா மாடியிலிருந்து இறங்கி வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஃபோன் உறை விற்கும் கடையில் வேலை. அதனால் ஃபோனுக்கு உள்ளே இருப்பதும் கணினிக்கு உள்ளே இருப்பதும் தனக்கு அத்துப்படி என்று அவர் நம்பினார்.

"நகருங்க, நகருங்க. நான் பாக்கறேன்" என்று உட்கார்ந்தார்.

மாமா கேபிளைப் பிடுங்கி அடுத்த ஓட்டையில் செருகினார். அதே சிவப்பு. வேறு கேபிள் கொண்டுவந்து செருகினார். அதே சிவப்பு. லேப்டாப்பை அணைத்துப் போட்டார். கேபிளின் முனையில் ஊதினார். டிரைவைத் துணியால் துடைத்தார்.

"துடைச்சா இடம் கிடைக்குமா மாமா?" என்று கேட்டாள் துருவி.

"ஒரு மரியாதைக்குத் துடைச்சேன்" என்றார் மாமா.

அண்ணன் அத்தனை நேரமும் லேப்டாப்பின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். திடீரென்று மாமாவின் தோளைத் தட்டினான். "போதும். இப்ப அடிக்கடி தட்டுது. நிறுத்துங்க."

மாமா கையை எடுத்துவிட்டார். அண்ணன் தன் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். அவன் அப்படிச் செய்தால் பேச விருப்பமில்லை என்று அர்த்தம். கதையைத் துருவி ஒருத்திதான் இதுவரை பார்த்திருந்தாள். அவ்வளவு நல்ல கதையை வேறு யாருமே பார்க்காமல் போய்விடுவார்களோ என்று நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மாமா தன் ஃபோனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன். டிரைவை ஃபார்மேட் பண்ணணுமாம். பண்ணினா எவ்வளவு பெரிய ஃபைலும் உள்ள ஏறிடுமாம். இதோ, ஒரே பொத்தான்தான்."

அவர் விரல் பொத்தானை நோக்கிப் போனது.

"ஃபார்மேட்னா என்ன மாமா?" என்றாள் துருவி.

"அப்படின்னா... டிரைவைப் புதுசு மாதிரி ஆக்கறது."

"புதுசு மாதிரின்னா?"

"வாங்கினப்ப எப்படி இருந்ததோ அப்படி."

"வாங்கினப்ப அதுக்குள்ள என்ன இருந்தது?"

"ஒண்ணும் இல்ல. காலியா இருந்தது."

"அப்ப இப்ப உள்ள இருக்கற படமெல்லாம் எங்க போகும்?"

மாமாவின் விரல் அந்தரத்தில் நின்றது. அவர் ஃபோனில் அடுத்த வரியைப் படித்தார். பிறகு விரலை மெதுவாக மடக்கி, கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "டேய், அந்தப் படமெல்லாம் வேற எங்கயும் இல்லடா. போன மாசம்தான் எல்லாத்தையும் அதுல போட்டுட்டு லேப்டாப்புல அழிச்சேன். இதுங்க ரெண்டும் பிறந்தப்ப எடுத்தது கூட அதுலதான் இருக்கு."

"அதான் அழுத்தலையேக்கா" என்றார் மாமா, மெல்லிய குரலில்.

"படத்தை எல்லாம் உங்க லேப்டாப்புல வச்சுட்டு அப்புறம் ஃபார்மேட் பண்ணலாமா?" என்று துருவி கேட்டாள்.

"என்னோடதுல ஒரு ஊசி வைக்கக்கூட இடமில்ல. எல்லாம் கால்பந்து."

"நெட்டுல ஏத்தினா?"

"நம்ம வீட்டு நெட்டுலயா? அது ஏறி முடிக்கறதுக்குள்ள உங்க அண்ணனுக்குத் தாடி முளைச்சிடும்."

அண்ணன் கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை. என்ன பேசினார்கள் என்று கூடக் கேட்கவில்லை. அதுதான் துருவியை அதிகம் உறுத்தியது.

அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். யோசிக்கும்போது அவளுக்கு மேசை ஆகாது. எதெல்லாம் டிரைவுக்குள் போனது? வீட்டுப்பாடம், குட்டிக் கதைகள், ஒட்டகச்சிவிங்கி. எது போகவில்லை? பேருந்து. அதுவும் வீடியோதான், குட்டிக் கதைகளும் வீடியோதான். அதே கேமரா, அதே அண்ணன், அதே சுவர். அப்புறம் என்ன வித்தியாசம்?

"மாமா, பேருந்துக் கதை எவ்வளவு பெருசு?"

மாமா பார்த்தார். "பத்து ஜிபி. அடேயப்பா."

"மத்ததெல்லாம்?"

"எல்லாம் ஒரு ஜிபிக்கும் கீழ."

"அப்ப டிரைவுக்குக் காலி இடம் பிரச்சினை இல்லையோ என்னவோ. ஒரே ஆளு ரொம்பக் குண்டா வந்தா விட மாட்டேங்குதோ?" என்றாள் துருவி. "பெரிய கூடம், ஆனா குட்டிக் கதவு. அந்த மாதிரி."

"அது எப்படித் தெரிஞ்சுக்கறது? மறுபடியும் இதை ஓட விட்டா, இது அப்படியே உக்காந்துடும்."

"இதை எதுக்கு ஓட விடணும்?" துருவி எழுந்துவிட்டாள். "டிரைவைத்தானே சோதிக்கணும். உங்க லேப்டாப்பைக் கொண்டு வாங்க. அதுலதான் நிறைய குண்டு ஆளுங்க இருக்காங்களே."

மாமா மாடிக்கு ஓடினார். துருவி போய் அண்ணனின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "வா. ஒண்ணு சோதிக்கப் போறேன். நீ பக்கத்துல இருக்கணும்." அவன் வந்தான். கை மட்டும் இன்னும் பையிலேயே இருந்தது.

மாமாவின் லேப்டாப்பில் டிரைவைச் செருகினார்கள். அது நல்ல ஆரோக்கியமான லேப்டாப். கடக் கடக் எதுவும் இல்லை. அதில் ஒரு முழு ஆட்டம் ஒரே வீடியோவாக இருந்தது, ஆறு ஜிபி. அதே பேக்கப் மென்பொருளால் அதை டிரைவில் போட்டார்கள்.

'போதிய இடம் இல்லை.'

"பாத்தீங்களா?" என்று துருவி துள்ளினாள். தோற்றுப்போனதற்கு யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டு அம்மா பார்த்ததில்லை. "இங்கயும் அதே தகராறு. அப்ப நம்ம லேப்டாப்பு மேல தப்பு இல்ல. கேபிள் மேலயும் தப்பு இல்ல."

"இப்ப சின்னதா ஏதாவது போடட்டுமா?" மாமாவுக்கும் இப்போது ஆர்வம் வந்துவிட்டது. "இந்த இறுதி ஆட்டம் ரெண்டு துண்டா இருக்கு. முதல் பாதி தனி, ரெண்டாம் பாதி தனி. கொடுத்தவன் அப்படித்தான் கொடுத்தான்."

"ஒவ்வொண்ணும் எவ்வளவு?"

"மூணரை, மூணரை."

துருவி கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். "இருங்க. ரெண்டையும் கூட்டினா ஏழு. இப்ப வேணாம்னு சொன்ன ஆறை விட அதிகம். நிஜமாவே இடம் இல்லன்னா இதுவும் போகக் கூடாது. குட்டிக் கதவுன்னா இது போகணும்."

மாமா முதல் பாதியைப் போட்டார். பச்சைக் கோடு நகர்ந்தது. நடுவில் ஒருமுறை நின்றபோது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு நகர்ந்து, முடிந்தது. இரண்டாம் பாதியும் போனது.

அண்ணன் இரண்டு கைகளையும் பையிலிருந்து வெளியே எடுத்தான்.

"எப்படிப் போச்சு?" என்று கேட்டான்.

துருவி சொன்னாள். கையால் ஒரு பெரிய கூடம் காட்டினாள். அதற்கு ஒரு குட்டிக் கதவு வைத்தாள். கன்னத்தை உப்பிக்கொண்டு ஒரு குண்டு ஆள் நுழையப் பார்த்து முட்டிக்கொண்டதை நடித்துக் காட்டினாள். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதனால உன் கதையை மூணு துண்டா வெட்டணும்" என்று முடித்தாள்.

சிரிப்பு நின்றுவிட்டது.

"முடியாது" என்றான் அண்ணன். "கை காத்துல இருக்கறப்ப வெட்டினா பாதி வார்த்தைதான் இருக்கும். பாக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியாது. நான் அதுக்காகத்தான் நிறுத்தாமச் சொன்னேன்."

"கை காத்துல இல்லாத இடத்துல வெட்டலாமே."

"அப்படி ஒரு இடம் கிடையாது. நான் நிறுத்தவே இல்ல."

"நிறுத்தினே" என்றாள் துருவி.

"இல்ல."

"நான்தானே முன்னாடி உக்காந்திருந்தேன். உனக்கெப்படித் தெரியும்?" துருவி நடித்தே காட்டினாள். "திமிங்கிலம் வாயைத் திறந்ததா? பேருந்து நேரா அதுக்குள்ள போச்சா? அப்ப நீ குனிஞ்சு கையை முட்டி மேல வச்சுட்டு என்னையே முறைச்சே. நான் பயந்து தலையணையைப் பிடிச்சுக்கிட்டேன். நான் பயந்துட்டேனான்னு பாத்துட்டுத்தான் நீ மேல சொன்னே."

அண்ணன் யோசித்தான்.

"அப்புறம், ஆக்டோபஸ் எட்டுக் கைப்பிடியையும் ஒரே ஆளாப் பிடிச்சுக்கிட்டு யாருக்கும் கொடுக்க மாட்டேன்னு சொன்னப்ப, உனக்கே சிரிப்பு வந்து மூக்கைத் துடைச்சே."

"அதையும் கவனிச்சியா?"

"நல்லா நீளமாத் துடைச்சே" என்றாள் துருவி.

மாமா சிரித்ததற்கு அம்மா அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

வேலை ஆரம்பித்தது. அண்ணனுக்கு வீடியோ வெட்டத் தெரியும். தங்கள் லேப்டாப்பில் கதையைத் திறந்து, முதலிலிருந்து ஓட விடாமல், திமிங்கிலம் வருகிற இடத்துக்கு நேராகத் தாவினான். சரியாக அங்கே இருந்தது. முட்டியின் மேல் இரண்டு கைகளும் அமைதியாக, கண்கள் மட்டும் முறைத்தபடி. அங்கே வெட்டினான். வெட்டிய துண்டை லேப்டாப்பிலேயே வைக்காமல் நேராக டிரைவில் போய் விழும்படி செய்தான். அது துருவியின் யோசனை. வலிக்கிற கையை ஒருமுறை படிக்க விட்டால் போதும், எழுதவும் எதற்கு விட வேண்டும்?

முதல் துண்டு, மூன்று ஜிபியும் கொஞ்சமும். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. அண்ணன் ஒரு கையை லேப்டாப்பின் மேல் வைத்திருந்தான். காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது போல இருந்தது அது.

"தட்டுதா?" என்று துருவி கேட்டாள்.

"தட்டுது. ஆனா ஓடுது."

முதல் துண்டு போய்ச் சேர்ந்தது. மூக்கு துடைத்த இடத்தில் வெட்டிய இரண்டாவதும் போனது. மூன்றாவது போகும்போது பாதி வழியில் திரை ஒருமுறை உறைந்துவிட்டது. யாரும் எதையும் தொடவில்லை. மாமா கூட ஊதவில்லை. அண்ணனின் கை மட்டும் அசையாமல் அதன் மேல் இருந்தது. பிறகு கோடு ஒரு துளி நகர்ந்தது. இன்னொரு துளி. முடிந்தது.

"முடிஞ்சுதா, இல்ல முடிஞ்சுதுன்னு சும்மா சொல்லுதா?" என்றாள் துருவி. காலையிலிருந்து அந்த இயந்திரங்கள் சொன்னதை எல்லாம் கேட்டு அவளுக்கு நம்பிக்கை போயிருந்தது. டிரைவைப் பிடுங்கி மாமாவின் லேப்டாப்பில் செருகி மூன்று துண்டுகளையும் திறந்து பார்த்தார்கள். மூன்றிலும் அண்ணன் இருந்தான். கைகள் முழுசாக இருந்தன.

அண்ணன் தங்கையின் தலைமுடியை இரண்டு கையாலும் கலைத்துவிட்டான். அதற்கு அவர்கள் வீட்டில் மொழிபெயர்ப்பு தேவையில்லை.

சாயங்காலம் லேப்டாப்பையும் டிரைவையும் கடைக்குக் கொண்டுபோனார்கள். மாமாவும் கூட வந்தார். துருவி நடந்ததை எல்லாம் மெக்கானிக் அக்காவிடம் சொன்னாள்.

அக்கா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "நீயே கண்டுபிடிச்சியா? சரியாத்தான் சொல்றே. ஒவ்வொரு டிரைவையும் உள்ள ஒரு முறையில ஒழுங்கு பண்ணி வச்சிருப்பாங்க. உங்களோடது பழைய முறை. மொத்தமா எவ்வளவு வேணா போடலாம். ஆனா ஒரே ஃபைல் நாலு ஜிபியைத் தாண்டினா அதுக்கு வச்சுக்கத் தெரியாது."

"அப்ப அதைச் சொல்ல வேண்டியதுதானே? ஏன் இடமில்லன்னு சொல்லுச்சு?"

"அந்த மென்பொருள் எழுதினவங்க இப்படி ஒண்ணு நடக்கும்னு நினைக்கலை. போகலைன்னா இடம் இல்லாமத்தான் இருக்கும்னு எழுதி வச்சுட்டாங்க."

"ஓ. அப்ப பொய் சொல்லலை" என்றாள் துருவி. "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லியிருக்கு."

அவள் அப்படிச் சொல்லும்போது ஏனோ எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

அக்கா டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ரகம் கடையில வர்றப்ப புது முறையிலதான் வரும். யாரோ பழைய முறைக்கு மாத்தியிருக்காங்க. பழைய டிவியில செருகிப் பாக்கறதுக்காகச் சில பேர் அப்படிப் பண்ணுவாங்க."

மாமா கடையின் சுவரில் மாட்டியிருந்த விலைப்பட்டியலை மிகுந்த அக்கறையோடு படிக்க ஆரம்பித்தார்.

"மாமா" என்றாள் துருவி.

"வாங்கின புதுசுல ஒரே ஒரு ஆட்டம்" என்றார் மாமா, விலைப்பட்டியலைப் பார்த்தபடியே. "அதுவும் தோத்துட்டாங்க."

திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும் துருவியும் அம்மாவும் அண்ணனின் பள்ளிக்குப் போனார்கள். சின்னப் பிள்ளைகள் பெரிய திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் அந்தப் பொடிப்பெண் இருந்தாள். அண்ணன் முதல் துண்டைப் போட்டான்.

திரையில் அண்ணனின் கைகள் பேருந்தை ஓட்டின. வளைவில் திரும்ப மறந்தன. பேருந்து கடலுக்குள் இறங்கியது, மீன்கள் ஜன்னல் ஓரத்துக்காக அடித்துக்கொண்டன. பிள்ளைகள் வாயைப் பிளந்தபடி பார்த்தார்கள். திமிங்கிலம் வாயைத் திறந்தது. பேருந்து நேராக அதற்குள் போனது. கைகள் முட்டியின் மேல் வந்து அமர்ந்தன. கண்கள் முறைத்தன.

திரை கறுப்பாகிவிட்டது.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பொடிப்பெண் மட்டும் எழுந்து போய்த் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பேருந்து அங்கே இல்லை. திரும்பி வந்து அண்ணனின் சட்டையைப் பிடித்தாள். "வெளிய வருமா, வராதா?"

அதற்குள் மற்ற கைகளும் எழும்பிவிட்டன. அறை முழுக்க ஒரே கேள்வி. ஆசிரியை கடிகாரத்தைக் காட்டினார். பிள்ளைகள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அந்தப் பள்ளியில் பார்க்காவிட்டால் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

அண்ணன் இரண்டாம் துண்டைப் போடுவதற்காகக் கையைக் கொண்டுபோனான். துருவி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. எப்படி வரும்னு முதல்ல அவளைக் கேளு."

அண்ணன் கேட்டான். பொடிப்பெண் கொஞ்சம் யோசித்தாள். பிறகு இரண்டு கையாலும் பேருந்தைச் செய்தாள். அதைத் திமிங்கிலத்தின் வயிற்றுக்குள் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். திமிங்கிலத்துக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினாள். அது சிரிப்பை அடக்க முடியாமல் மூச்சு விட, தலைக்கு மேலே பீய்ச்சிய தண்ணீரோடு பேருந்தும் மேலே, மேலே, அவள் கை எட்டுகிற உயரம் வரைக்கும் பறந்தது. பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, அப்படி இல்லை, பேருந்து வால் வழியாக வரும் என்று காட்டினான். இன்னொருத்திக்கு வேறு வழி தெரிந்திருந்தது. பார்க்க வந்த பிள்ளைகள் எல்லோரும் கதை சொல்கிறவர்களாகிவிட்டார்கள்.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். "நான் நிறுத்தாமச் சொல்லியிருந்தா இது நடந்திருக்காது, இல்ல?"

"தெரியலை" என்றாள் துருவி. "அதை இனிமே சோதிக்கவும் முடியாது."

எல்லோரும் சொல்லி முடித்த பிறகு அண்ணன் பொத்தானை அழுத்தினான். திரையில் அவன் கைகள் முட்டியை விட்டு எழும்பின. பேருந்து இருட்டுக்குள் சுற்றியது. திமிங்கிலத்துக்குத் தும்மல் வந்தது. தலைக்கு மேலே பீய்ச்சிய தண்ணீரோடு பேருந்து வெளியே பறந்தது.

பொடிப்பெண் துள்ளி எழுந்தாள். பின்வரிசை வரைக்கும் நன்றாகத் தெரியும்படி இரண்டு கையையும் உயரே தூக்கி, "நான்தான் முதல்ல சொன்னேன்" என்றாள்.